ஒத்தை ஸ்ட்ரைக்கரை வச்சு மேல ஏறி பிரஸ் பண்ணுறது எப்படி? 4-2-3-1-ல எங்கே ஓட்டை விழுது?

தூத்தூர்க்கரை:

வணக்கம் அண்ணன்மாரே. கொஞ்சம் விரிவாவே கேக்குறேன், பொறுத்துக்கணும்.

எங்களுக்க டீம் லெவன்ஸ்ல 4-2-3-1 ஆடுது (பேக் நாலு, டிஃபென்சிவ் மிட் ரெண்டு, நடுவுல 10-ஆம் நம்பரும் ஓரத்துல விங்கர் ரெண்டும், முன்னால ஸ்ட்ரைக்கர்). இந்த சீசன் மேல ஏறி பிரஸ் பண்ணணும்னு, அதாவது அவனுவ பாதியிலயே நெருக்கி பந்தைப் பறிக்கணும்னு முடிவு. முன்னால நிக்கிற ஒத்தை ஸ்ட்ரைக்கர் வேகமானவன், ஓடச் சொன்னா மறு பேச்சு கிடையாது. ஆனா பிரஸ் ஒண்ணும் வெளங்கல.

எதிர்ல வர்றவனுவ பெரும்பாலும் 4-3-3. கோல் கிக்குன்னா அவனுவளுக்க ரெண்டு சென்டர் பேக்கும் பாக்ஸுக்க ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிப்பானுவ, 6-ஆம் நம்பர் (பேக் லைனுக்க முன்னால நிக்கிற மிட்) டி-க்கு, அதாவது பாக்ஸுக்க முன்னால உள்ள வளைவுக்கு வெளிய. நம்ம ஸ்ட்ரைக்கர் பந்து வச்சிருக்கவன நேராப் போய் நெருக்குவான். அவன் மத்தவனுக்குத் தட்டுவான். நம்மாளு திரும்பி அங்க ஓடுவான். நாலு தடவ இப்படி ஆனதும் பொறுக்காம 10-ஆம் நம்பர் ஒதவிக்கு ஏறுவான், அப்ப அவனுவளுக்க 6 தனியா நிப்பான். அவனுக்கிட்ட பந்து போனா முடிஞ்சுது. திரும்பி நிமுந்து பாத்தா முன்னால வெறும் மைதானம்தான் கெடக்கும். நம்ம ரெண்டு டிஃபென்சிவ் மிட்டும் பேக் லைனுக்க முன்னால ஒட்டிக்கிட்டு நிக்கானுவ.

"லைனை ஏத்துங்கடே"ன்னு கத்தி ஏத்துனா பின்னால லாங் பால் விழுது. கீப்பர் பய பாக்ஸை விட்டு வரமாட்டான். இருவதாவது நிமிஷத்துல ஸ்ட்ரைக்கருக்க கால் தீந்து போவுது.

கிரவுண்டு சுமார் 95-க்கு 60 மீட்டர், மணல் கலந்த தரை, சாயங்காலம் கடல் காத்து உண்டு. ரெண்டு ஸ்ட்ரைக்கர் போட்டு 4-4-2-க்கு மாறிரலாமா? இல்ல இதையே செரியாக்க வழி உண்டா?

பாறசாலை_மிட்ஃபீல்டு:

மாற வேண்டாம் மக்கா. உன் கணக்குல தப்பு ஃபார்மேஷன்ல இல்ல, யாரு யாரைப் பிடிக்கணும்ங்கிறதுல இருக்கு.

முதல்ல ஆளை எண்ணு. அவனுவ 4-3-3: நடுவுல ரெண்டு சென்டர் பேக், ஓரத்துல ரெண்டு ஃபுல்பேக், ஒரு 6, அவனுக்கு முன்னால மிட் ரெண்டு பேர், அதாவது ரெண்டு 8, முன்னால மூணு. உன் விங்கர் ரெண்டு பேருக்கும் அவனுவ ஃபுல்பேக் ரெண்டு. உன் 10-க்கு அவனுவ 6. உன் டிஃபென்சிவ் மிட் ரெண்டுக்கும் அவனுவ 8 ரெண்டு. உன் பேக் நாலு, அவனுவ ஃபார்வேர்டு மூணு. மிச்சம்? உன் ஸ்ட்ரைக்கர் ஒருத்தன், அவனுவ சென்டர் பேக் ரெண்டு பேர். பின்னால ஒரு ஆள் கூடுதலா வச்சதுக்கு முன்னால ஒரு ஆள் குறையுது. கீப்பரையும் சேத்தா ரெண்டு குறையும். அந்தக் குறையை ஓட்டத்தால ஈடு கட்ட முடியாது, கோணத்தாலதான் முடியும்.

அதனால ஸ்ட்ரைக்கருக்குப் பந்தைப் பறிக்கிற வேலை கிடையாது. மைதானத்தை நெடுக ரெண்டா அறுத்து, ஒரு பாதியை எதிராளி மறந்துபோற மாதிரி ஆக்குறதுதான் வேலை.

எப்படின்னா: எந்தப் பக்கம் பொறி வைக்கணும்னு ஆட்டத்துக்கு முன்னாலயே முடிவு பண்ணு. வழக்கமா அவனுவளுக்க இடது பக்கம் நல்லது. நம்ம ஊர் டீம்கள்ல இடது சென்டர் பேக்கும் வலது காலனாத்தான் இருப்பான். கோட்டோரமா தட்டணும்னா இடது காலால தட்டணும், இல்லன்னா பந்தை உள்ள இழுத்துட்டு வரணும். ஸ்ட்ரைக்கர் கோல் கிக் நேரத்துல டி-யோட உச்சியில, கோல் லைன்ல இருந்து 20 மீட்டர், அவனுவளுக்க வலது சென்டர் பேக் பக்கமா ரெண்டு மூணு அடி தள்ளி நிக்கட்டும். கீப்பருக்கு இடது சென்டர் பேக் காலியாத் தெரியும், அங்கதான் தட்டுவான். பந்து காலை விட்டதும் ஸ்ட்ரைக்கர் கிளம்பணும். நேரா இல்ல, உள்பக்கத்துல இருந்து வளைஞ்சு. அவன் முதுகுக்குப் பின்னால வலது சென்டர் பேக் மறைஞ்சிருக்கணும். கடைசி மூணு மீட்டர்ல வேகத்தைக் குறைச்சு, சின்னச் சின்ன அடியா வச்சு, ஒரு காலை முன்னால நீட்டி நிக்கணும். பாய்ஞ்சு விழுந்தா ஒரே தட்டுல தாண்டிருவான், அதோட பிரஸ் மொத்தமும் போச்சு.

2019-ல கோல் கிக் விதி மாறின பிறகு இது இன்னும் முக்கியம். இப்ப பந்து பாக்ஸை விட்டு வெளிய வரணும்னு இல்ல, கீப்பர் தட்டி பந்து அசைஞ்சதுமே ஆட்டத்துல வந்திரும். அதுவரைக்கும்தான் உன் ஆளுக்கு பாக்ஸுக்குள்ள தடை. அசைஞ்சதும் உள்ள பாயலாம். நிறைய பயலுவ அடுத்தவன் பந்தைத் தொடுற வரைக்கும் காத்து நிக்கானுவ. அதுல ஒரு விநாடி போவுது.

இனி 10. இவன் எந்தக் காரணத்துக்கும் அந்த 6-ஐ விட்டுட்டு சென்டர் பேக்கை நோக்கி ஓடக்கூடாது. உன் டீம்ல உடையிற இடம் இதுதான். 6-ஓட பக்கவாட்டுல கைக்கு எட்டுற தூரத்துல, கோல் பக்கமா நிக்கணும். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால கண் கிடையாது, அதனால "ஏறு"ன்னு சத்தம் கொடுக்க வேண்டியதும் 10-தான். பின்னால எல்லாரும் இடத்துக்கு வந்துட்டாங்களான்னு அவனுக்குத்தான் தெரியும். சத்தம் வரலையா, ஸ்ட்ரைக்கர் போகக்கூடாது. ரெண்டு பேரும் வழியை மறைச்சுட்டு நடுவுல நிக்கட்டும், ஒண்ணும் குடி முழுகாது.

விங்கருக்கு தூரம்தான் கணக்கு. சென்டர் பேக்ல இருந்து ஃபுல்பேக்குக்கு 20 மீட்டர் பாஸ், நல்லாத் தட்டினா ஒன்றரை விநாடி. அந்த நேரத்துல நின்ன இடத்துல இருந்து கிளம்புறவன் அஞ்சாறு மீட்டர் வருவான். அப்ப விங்கர் ஃபுல்பேக்குக்கு எட்டு மீட்டர் தூரத்துல, கொஞ்சம் உள்தள்ளி நிக்கணும். 15 மீட்டர்ல நின்னா அவன் பந்தை நிறுத்தி நிமுந்து பாத்துருவான். ஒட்டி நின்னா பாஸே வராது, பொறியில எலி விழாது.

பந்து ஃபுல்பேக்குக்குப் போனதும் பொறி மூடணும். விங்கர் முன்னால, ஸ்ட்ரைக்கர் திரும்பக் கொடுக்கிற வழியில, 10 அந்த 6-மேல, பந்துப் பக்கத்து டிஃபென்சிவ் மிட் அவனுவ 8-மேல, உன் வலது பேக் அவனுவ விங்கர் முதுகோட ஒட்டி. நாலு பக்கமும் ஆள், அஞ்சாவது பக்கம் டச் லைன். எதிர்ப்பக்கத்து விங்கர் நடுவரைக்கும் உள்ள வரணும். அந்தப் பக்கத்து ஃபுல்பேக் காலியா நிப்பான், நிக்கட்டும். அவனுக்கு 45 மீட்டர் பந்து, அதுவும் நெருக்கடியில, தப்பான காலால.

கரையில நின்னு கரமடி வலை இழுக்கிறதைப் பாத்திருப்பியே. ஒரு பக்கத்துக் கயிறு முன்னால வந்து மத்தப் பக்கம் பிந்தினா மீனு வெளிய போயிரும். ஸ்ட்ரைக்கர் ஓடுறதும் டிஃபென்சிவ் மிட் ரெண்டும் ஏறுறதும் ஒரே நேரத்துல நடக்கணும். உன் மிட் ரெண்டும் பேக் லைனுக்கு முன்னால நிக்கிற வரைக்கும் ஸ்ட்ரைக்கர் எவ்வளவு ஓடினாலும் வெறும் ஓட்டம்தான்.

தூத்தூர்க்கரை:

அண்ணே, வெளங்குச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். 10 அந்த 6-ஐ விடாம நின்னா, சென்டர் பேக் பந்தோட ஏறி வந்தா யாரு போறது? அப்புறம், பொறி மூடுறதுக்குள்ள அவன் கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்தா?

பாறசாலை_மிட்ஃபீல்டு:

பந்தோட வர்றவனை ஸ்ட்ரைக்கர் பக்கவாட்டுல ஓடி உள்பக்கம் திரும்ப விடாம ஒட்டிட்டே வரணும். 10 நிக்கிற இடத்துலயே நிக்கட்டும். எட்டு மீட்டர் வரைக்கும் வந்தா மட்டும், 6-ஐ முதுகுல மறைச்சுக்கிட்டே ஒரு அடி ரெண்டு அடி முன்னால. விங்கர் ஃபுல்பேக்கை விட்டு உள்ள வரவே கூடாது, எல்லாப் பயலும் செய்யிறது அதுதான்.

கீப்பருக்குப் போனா ஸ்ட்ரைக்கர் நிக்காம தொடரணும். ஆனா கவனி: இடது சென்டர் பேக்கிட்ட இருந்து கீப்பரை நோக்கி ஓடும்போது அவன் நிழல்ல, அதாவது முதுகுக்குப் பின்னால மறைஞ்சு இருக்கிறது இப்ப இடது சென்டர் பேக். அதுவரை மறைஞ்சிருந்த வலது சென்டர் பேக் திறந்திருப்பான். அதனால பந்து பின்னால போற அதே நேரத்துல உன் எதிர்ப்பக்கத்து விங்கர், அவனுவளுக்க வலது சென்டர் பேக்குக்கும் ஃபுல்பேக்குக்கும் நடுவுல ஏறி நிக்கணும். வலது சென்டர் பேக்குக்குத் தட்டினா அவன்மேல பாயலாம். தலைக்கு மேல ஃபுல்பேக்குக்குத் தூக்கினா பந்து ரெண்டு விநாடிக்கு மேல காத்துல இருக்கும், அதுக்குள்ள உன் இடது பேக் வந்து சேருவான். இதைச் செய்ய ஆள் தயாரா இல்லன்னா கீப்பரை விரட்டாதீங்க. சும்மா போய் அவனைப் பயமுறுத்துறதுல லாபமில்ல.

கொழிஞ்சாம்பாறை 8:

பாறசாலை அண்ணன் சொன்ன கணக்கு சரிங்க, ஆனா அதுல ஸ்ட்ரைக்கர் ஓட்டம் இன்னும் குறையலைங்க. தம்பி டீம்ல பிரச்சனையே அவன் கால் தீர்றதுதான். அதுக்கு வேற வழி இருக்கு: சென்டர் பேக்கை நெருக்குற வேலையை ஸ்ட்ரைக்கர்கிட்ட இருந்து பிடுங்கி விங்கருக்குக் கொடுங்க.

கோச் கிளாப் காலத்து லிவர்பூல்ல இதைத் தெளிவாப் பாக்கலாம். நடுவுல ஸ்ட்ரைக்கர் ஃபிர்மினோ எதிரணி 6-க்குப் போற வழியை மறைச்சுட்டு நிப்பார். விங்கர் சாலாவும் மானேவும் ஃபுல்பேக்கைப் பிடிக்கப் போகாம, வெளியே இருந்து உள்ளே வளைஞ்சு சென்டர் பேக் மேல ஓடுவாங்க, ஃபுல்பேக் அவங்க முதுகு நிழல்ல. தலைக்கு மேல தூக்கி ஃபுல்பேக்குக்குப் போச்சுன்னா, ஹெண்டர்சன், வைனால்டம் மாதிரி மிட்ஃபீல்டர் யாராவது அங்க ஓடுவாங்க.

உங்க 4-2-3-1-ல இதை எப்படி வைக்கிறதுன்னா, ஸ்ட்ரைக்கர் 6-ஐப் பிடிக்கறான். விங்கர் ரெண்டு பேரும் சென்டர் பேக் ரெண்டு பேருக்கு. அப்போ உங்க 10 விடுபடறான் பாருங்க. நடுவுல உங்க மூணு பேரு, அவங்க 8 ரெண்டு பேரு. மிச்சமாகிற ஒருத்தன் ஃபுல்பேக்குக்கு ஓடறவன். எந்தப் பக்கம் பந்து தூக்கறாங்களோ அந்தப் பக்கத்து மிட் ஓடணும், மத்த ரெண்டு பேரும் ஒரு இடம் நகரணும். இதுல ஸ்ட்ரைக்கர் பத்துப் பதினைஞ்சு மீட்டர் வட்டத்துக்குள்ளயே இருப்பான். பந்து கிடைச்ச நொடியில கோலுக்கு 25 மீட்டர்ல, மூச்சோட நிப்பான். பந்தைப் பறிக்கிற விங்கரும் அதே மாதிரி கோலுக்கு நேரா இருப்பான், டச் லைன்ல இல்ல.

ஓட்டை எங்கேன்னா அந்தத் தூக்குற பாஸ்தான். நல்ல புல்தரையில, காலு பழகின சென்டர் பேக் 25 மீட்டர் தூரத்துக்கு அழகா வச்சுக் கொடுப்பான். மணல் கலந்த தரையில பந்துக்கு அடியில காலை வைக்கிறதே சிரமம், காத்து வேற. உங்க கிரவுண்டுக்கு இது பொருந்தும்ங்க. எதிரணி நல்ல புல்தரையில பழகின டீம்னா, உங்க மிட் மூணு பேருக்கும் ஓடற பலம் இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இருபது தடவை பக்கத்துக்குப் பக்கம் ஓட வேண்டியிருக்கும்.

விங்கருக்கு ஒண்ணு கண்டிப்பாச் சொல்லிக் கொடுக்கணும்: தோளுக்கு மேல ஒரு பார்வை. ஃபுல்பேக் எங்க நிக்கறான்னு தெரியாம உள்ள ஓடினா நிழல்ல விழறது ஃபுல்பேக் இல்ல, காலி இடம். ஃபுல்பேக் புத்திசாலியா இருந்தா நாலு அடி முன்னாலயோ பின்னாலயோ நகர்ந்து நிழலை விட்டு வெளிய வந்துருவான்.

எதிரணி பின்னால மூணு சென்டர் பேக் வச்சா யோசிக்கவே வேண்டாம்ங்க, இதேதான். ஸ்ட்ரைக்கர் நடு ஆளுக்கு, விங்கர் ரெண்டு பேரும் ஓரத்து ரெண்டு பேருக்கு, அவங்க விங் பேக் மேல நம்ம ஃபுல்பேக் ஏறணும்.

பாறசாலை_மிட்ஃபீல்டு:

நல்ல முறைதான், மறுக்கல. ஆனா நம்ம பக்கத்து விங்கர் பாதிப் பேருக்கு பந்து இல்லாதப்ப தலையைத் திருப்பிப் பாக்கிற பழக்கமே கிடையாது. நிழல் தெரியாத விங்கரை உள்ள ஓட விட்டா ஃபுல்பேக் காலி, உன் மிட் அங்க ஓட, அவனுவ 8 காலி. ஒரு தப்பு மூணா பெருகும். முதல்ல ஒரு பக்கப் பொறியைப் பழக்கு, அது கைவந்த பிறகு இதுக்குப் போ. அவனுவ ரெண்டு 6 வச்சு 4-2-3-1 ஆடினா இன்னொரு கணக்கு: ஒருத்தனை 10 பிடிக்கணும், பந்துப் பக்கத்துல இருக்கிற மத்தவன் மேல உன் டிஃபென்சிவ் மிட் ஒருத்தன் ஏறணும், பின்னால தங்குறவன் அவனுவ 10-ஓட. 2011-12 டோர்ட்மண்ட் டீம் ஆட்டம் கிடைச்சா ஸ்ட்ரைக்கர் லெவன்டோவ்ஸ்கிக்குப் பின்னால அவங்க 10 ககவா எங்க நிக்கிறார்னு மட்டும் பாரு. பந்தைப் பாக்காத.

கடைசிவரிசை (நெய்யாற்றின்கரை):

எல்லாரும் முன்னாலயே பேசிட்டு இருக்கீங்க. லாங் பால் விழுதுன்னு தம்பி கேட்டதுக்கு யாரும் வரல.

ஸ்ட்ரைக்கர் அவனுவ பாக்ஸ் விளிம்புல நிக்கிறான்னு வை, கோல் லைன்ல இருந்து 20 மீட்டர் கிட்ட. ஸ்ட்ரைக்கருக்கும் உன் கடைசி வரிசைக்கும் நடுவுல 30 மீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. 95 மீட்டர் கிரவுண்டுல அது நேரா நடுக்கோட்டுல வந்து நிக்கும். உன் பேக் நாலும் அங்க நிக்கணும். அதைத் தாண்டி ஏறினா பலனில்ல, ஏன்னா தன்னோட பாதியில நிக்கிறவனுக்கு ஆஃப்சைட் (பந்து அடிக்கும்போதே எதிராளி கடைசி வரிசையைத் தாண்டி நிக்கிற குத்தம்) கிடையாது. அவன் அங்கேருந்து கிளம்பி ஓடினா யாரும் கொடி தூக்க மாட்டான்.

லாங் பால் விழுறதுக்குக் காரணம் லைன் உயரமா நின்னது இல்ல. பந்து வச்சிருக்கவன் நெருக்கடி இல்லாம நிமுந்து நிக்கும்போதும் லைன் அசையாம நின்னது. விதி ஒண்ணுதான்: பந்துக்காரன் குனிஞ்சிருக்கானா, முதுகு காட்டுறானா, மேல ஆள் பாயுதா, லைன் ஏறு. நிமுந்து காலை ஓங்கிட்டானா, அடிக்கிறதுக்கு முன்னாலயே அஞ்சாறு மீட்டர் இறங்கு. அடிச்ச பிறகு திரும்பி ஓடினா பிந்திப் போச்சு. நாலு பேரும் நேரா பந்தைப் பாத்து நிக்கக்கூடாது. ஒரு தோள் கோலைப் பாத்து, பாதி திரும்பின நிலையில நிக்கணும். நேரா நிக்கிறவன் திரும்பிக் கிளம்புறதுக்குள்ள ஃபார்வேர்டு ரெண்டு அடி முன்னால போயிருவான்.

இங்கதான் நம்ம ஏரியாவுக்கே உள்ள ஒரு சிக்கல். பயலுவ வருஷம் முழுக்க செவன்ஸ், ஏழு பேர் ஆட்டம், ஆடுறானுவ. பெரும்பாலான செவன்ஸ் டோர்னமென்ட்ல ஆஃப்சைட் கிடையாது. அதனால ஃபார்வேர்டு ஓடினா கூடவே ஓடணும்ங்கிறது கால்ல ஊறிப் போச்சு. லெவன்ஸுக்கு வந்தாலும் ஒருத்தன் மட்டும் அவன் பின்னால ஓடி, மத்த மூணு பேருக்கும் சேத்து ஆஃப்சைடைக் கெடுத்துருவான். உன் சென்டர் பேக் ரெண்டு பேருல ஒருத்தன் சத்தத்துக்குத்தான் லைன் நகரணும், ரெண்டு குரல் வேண்டாம். அவனுவளும் திறமை இல்லாம செய்யல, பழக்கம்.

கோல் கிக்குக்குத் தனிக் கவனம் வேணும். கோல் கிக்ல இருந்து நேரடியா வாங்கினா ஆஃப்சைட் இல்லங்கிறது நிறைய பேருக்கு நினைவிருக்காது. அவனுவ ஃபார்வேர்டு உன் லைனுக்குப் பின்னால போய் நிக்கலாம், குத்தமில்ல. அதனால கீப்பர் நீளமா அடிக்கப் போறான்னு தெரிஞ்சா ஒரு சென்டர் பேக் அவனோட கோல் பக்கமா இறங்கிரணும். குட்டையாத் தட்டினானா, உடனே லைனுக்கு வா.

உன் கீப்பர். பந்து அவனுவ பக்கத்துல இருக்கும்போது இவன் கோல் லைன்ல இருந்து 25 மீட்டர் வெளிய நிக்கணும். பயம் எதுக்குன்னா தலைக்கு மேல நேரா கோலுக்கு அடிச்சிருவானோன்னு. 70 மீட்டர்ல இருந்து, மேல ஆள் பாயும்போது, அது எத்தனை தடவை நடக்கும்? பின்னால விழுற பந்து ஆட்டத்துக்கு அஞ்சாறு தடவை நடக்கும். ட்ரெயினிங்ல கீப்பரை பாக்ஸுக்கு வெளிய நிறுத்தி காலால மட்டும் ஆட விடு. கோச் நடுக்கோட்டுல இருந்து பின்னால பந்து போடட்டும். வரணுமா நிக்கணுமான்னு அவன் முதல் அடியிலயே முடிவு பண்ணணும். பாதி வழி வந்து நிக்கிற கீப்பர்தான் ஆபத்து.

காத்து. உங்க கரையில சாயங்காலக் காத்து கடல்ல இருந்து கரைக்கு. கிரவுண்டு கரையோட நெடுக்க இருந்தா காத்து குறுக்கா அடிக்கும். அப்ப பொறியை கரைப் பக்கத்து டச் லைன்ல வை. அங்க மாட்டினவன் மறுபக்கத்துக்கு மாத்தி அடிக்கணும்னா காத்தை எதிர்த்து அடிக்கணும், பந்து பாதியில நின்னுரும். கடல் பக்கத்துல பொறி வச்சா அவன் சும்மா தூக்கி விட்டாலும் காத்து கொண்டு போய்ச் சேத்துரும். கிரவுண்டு கடலை நோக்கி இருந்தா, அவனுவ காத்தோட அடிக்கிற பாதியில லைனை பத்து மீட்டர் இறக்கு, காத்துக்கு எதிரா அடிக்கிற பாதியில முழு பிரஸ்ஸையும் செலவழி. டாஸ் ஜெயிச்சா பக்கம் எடுக்கறதுக்கும் இதுதான் கணக்கு.

மூணாறு மஞ்சு:

பயிற்சி பத்தி மட்டும் சொல்றேன், மத்ததெல்லாம் மேல வந்துருச்சு.

முதல் நாள் ஓட்டமே வேண்டாம். எதிரணியா எட்டுப் பேரை நிறுத்துங்க: கீப்பர், பேக் நாலு, 6, 8 ரெண்டு. பிரஸ் பண்றவங்க ஆறு பேர்: ஸ்ட்ரைக்கர், 10, விங்கர் ரெண்டு, டிஃபென்சிவ் மிட் ரெண்டு. பந்தைக் கையால உருட்டி விடுங்க, எல்லாரும் நடந்து மட்டும் இடம் மாறணும். ஒவ்வொரு பாஸுக்கும் கோச் "நில்லு" சொல்லி, ஸ்ட்ரைக்கர் முதுகுக்குப் பின்னால யார் இருக்காங்கன்னு அவன்கிட்டயே கேட்கணும். பத்து நிமிஷம் போதும். சலிப்பா இருக்கும், ஆனா இதைத் தாண்டிப் போன டீம்லதான் ஆட்டத்துல ஆளாளுக்குக் கத்துவாங்க.

அடுத்து அதே எட்டுக்கு ஆறு, பாதி மைதானத்துல, உண்மை வேகத்துல. நடுக்கோட்டுல ரெண்டு மீட்டர் அகலத்துல மூணு வாசல், கோன் வச்சு: இடது, நடு, வலது. எட்டுப் பேர் அணி எந்த வாசல் வழியாவது பந்தைக் கடத்தினா ஒரு பாயிண்ட், நடு வாசல்னா ரெண்டு. நடுவைத்தான் அடைக்கணும்ங்கிறது அப்பத்தான் மண்டையில ஏறும். ஆறு பேர் பறிச்சா எட்டு விநாடிக்குள்ள கோலுக்கு அடிக்கணும். ஒரு பந்து 25, 30 விநாடிக்கு மேல இழுக்கக்கூடாது. ஆறு பந்து, ரெண்டு நிமிஷம் ஓய்வு, இப்படி மூணு சுற்று. மூணாவது சுற்றுல இடைவெளி பெருசாச்சுன்னா நிறுத்திருங்க. களைச்ச கால் தப்பான இடத்துல நின்னு பழகும்.

அதுக்கப்புறம்தான் பேக் நாலையும் அவங்க ஃபார்வேர்டு மூணையும் சேர்த்து முழு மைதானம். முப்பது மீட்டர்னா என்னன்னு கண்ணுக்குத் தெரிய டச் லைன்ல பத்து மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு விடுங்க.

பந்து நம்மகிட்ட இருந்து பறிபோனா உடனே அஞ்சு விநாடி நெருக்கு. பக்கத்துல இருக்கிற மூணு பேர் மட்டும், மத்தவங்க நடுவை அடைக்கணும். அஞ்சு விநாடியில கிடைக்கலன்னா 10 "விடு" சொல்லணும், எல்லாரும் நடுக்கோட்டுக்குப் பின்னால 4-4-1-1-ஆ இறங்கணும். பாதிப் பேர் இறங்கி பாதிப் பேர் விரட்டுறதை விட, பதினொரு பேரும் சேர்ந்து சோம்பேறியா நிக்கிறது எவ்வளவோ மேல்.

ஸ்ட்ரைக்கர் கால் தீர்றது இதுலதான் குறையும். கடலோரத்துல ஈரப்பதம் கூடுதல், வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. மலைக்கு மேல ஓடுற அளவுக்கு அங்க ஓட முடியாது. 90 நிமிஷமும் பிரஸ் பண்றது எந்தப் பெரிய டீமும் செய்றதில்ல. முதல் 12 நிமிஷம், இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிஷம், பிறகு குறி கிடைக்கும்போது மட்டும். குறின்னா: பின்னால போற பாஸ், சென்டர் பேக்குகளுக்கு நடுவுல மெதுவாப் போற குறுக்குப் பாஸ், துள்ளி வர்ற பந்து, தன்னோட கோலைப் பாத்து நின்னு வாங்குறவன். மணல் தரையில மூணாவது குறி நிறையவே கிடைக்கும். பந்து கால்ல அடங்காம ஒரு அடி தள்ளிப் போற அந்த நேரம்தான் கிளம்ப வேண்டிய நேரம். இங்கே ஜூன் மழையில சேத்துல ஆடும்போது நேர் எதிர், குறுக்குப் பாஸ் பாதியில நின்னுரும், அதுக்காகவே காத்திருக்கலாம்.

டோர்னமென்ட்ல எத்தனை சப்ஸ்டிட்யூட்னு கமிட்டியிடம் முன்னாலயே கேட்டு வச்சுக்கோங்க. அஞ்சு விட்டா, 60-லிருந்து 65-க்குள்ள ஸ்ட்ரைக்கரையும் ஒரு விங்கரையும் ஒரே நேரத்துல மாத்துங்க. மூணுதான்னா ஸ்ட்ரைக்கர் கட்டாயம்.

தூத்தூர்க்கரை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. முதல்ல ஒரு பக்கப் பொறி, லைனுக்க சத்தத்துக்கு ஒரே ஆளு, கீப்பரை வெளிய நிறுத்துறது. இந்த மூணுல தொடங்குறேன். மஞ்சு அண்ணன் சொன்ன கையால உருட்டுறது பயலுவளுக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் செய்ய வச்சிருவேன்.

ஒண்ணே ஒண்ணு. அவனுவ பாதியில அவனுவளுக்கு த்ரோ கிடைச்சா நம்ம எப்படி நிக்கணும்? அதுல எப்பவும் லேசா வெளிய போயிருறானுவ.

கடைசிவரிசை (நெய்யாற்றின்கரை):

த்ரோதான் பிரஸ்ஸுக்கு இருக்கறதிலேயே நல்ல குறி. எறியுறவன் கோட்டுக்கு வெளிய நிக்கிறான், அதனால உள்ள அவனுவ ஒரு ஆள் குறைவு. பக்கத்துல வாங்க நிக்கிற ஒவ்வொருத்தன் மேலயும் ஆள், முதுகுப் பக்கமா இல்ல, முன்னாலயும் வெட்டிப் போகிற மாதிரி பக்கவாட்டுல. எறிஞ்சவன் உள்ள வந்து திரும்ப வாங்குவான், லேசா வெளிய போறது அந்த வழியாத்தான். அவனுக்குன்னு விங்கரை நிறுத்து. ஸ்ட்ரைக்கர் பந்துப் பக்கத்து சென்டர் பேக்குக்கும் கீப்பருக்கும் போற வழியில, ரெண்டுக்கும் நடுவுல நிக்கட்டும். கூட்டாளி எறிஞ்ச த்ரோவை கீப்பர் கையால எடுக்க முடியாது, காலாலதான் அடிக்கணும். அவன்கிட்ட போனா தயங்காம பாயலாம். த்ரோலயும் நேரடியா ஆஃப்சைட் கிடையாது, அதை மட்டும் உன் பேக் நாலு பேருக்கும் சொல்லி வை.